துப்பாக்கிக்கும் வருணாசிரம தர்மமா?

போடிநாயக்கனூரிலும், அதற்கு மேற்கே குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டு என்று ஏறிப்போகின்ற மலைச்சரிவுகளிலும் இப்பொழுது இரண்டு பேர் கூடினால் பன்றிப் பேச்சு. மூன்று பேர் கூடினால் துப்பாக்கிப் பேச்சு. மக்காச்சோளக் கொல்லையும் நிலக்கடலைக் கொல்லையும் ஒரே இராத்திரியில் ஏர் பூட்டி உழுது போட்டதுபோல் ஆகிவிடுகின்றன. பொழுது விடிந்து போய்ப் பார்க்கின்ற குடியானவனுக்கு வயிறு எரிகின்றது. அந்த வயிற்றெரிச்சல் நியாயமானது. அதைக் கேலி செய்கின்றவர் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு காட்டைப் படத்தில் பார்க்கின்றவராகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால், அந்த வயிற்றெரிச்சலை முதலாக வைத்து மூன்று விதமான பேர்வழிகள் மூன்று விதமான சரக்கை விற்க வருகின்றார்கள். ஒருவர், "அமெரிக்காவிலே துப்பாக்கி வைத்துக்கொள்வது ஜனங்களின் பிறப்புரிமை. இங்கேயும் ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துவிட்டால் பன்றியும் வராது, திருடனும் வரமாட்டான்" என்கின்றார். இரண்டாமவர், "குடகு தேசத்திலே ஒரு ஜாதியாருக்கு லைசென்சே வேண்டாமாம். நாங்கள் மட்டும் என்ன இளைத்தவர்களா? எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் வேலும் ஈட்டியும் பிடித்தவர்கள், நாங்களும் ஆண்ட பரம்பரைதான், எங்களுக்கும் அந்தச் சலுகை வேண்டும்" என்று மீசையைத் தடவுகின்றார். மூன்றாமவரோ, "துப்பாக்கி இருந்து என்ன ஐயா, கருப்பனுக்குப் பூசை போடாமல் காட்டுக்குள் போனால் குண்டு திரும்பி வரும்" என்கின்றார்.

இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பரிசீலனை செய்யவேண்டியது அவசியமென்று கருதுகின்றோம். நாம் சட்டக் கலாசாலைப் பக்கம் எட்டிப் பார்த்தவரல்ல. ஆயுதச் சட்டத்தின் பிரதி ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தவரேயாவோம். ஆனால் வக்கீல்களுக்கு மட்டுமே புரியவேண்டுமென்று ஒரு சட்டம் இருக்குமானால், அது சட்டமல்ல, மந்திரம். மந்திரத்தை யார் யார் ஓதலாம், யார் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றலாம் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த பழைய கதைதானே.

முதலில் அந்த இரண்டாவது பேர்வழியைப் பார்ப்போம். ஏனென்றால் அவர் பேச்சுத்தான் நமது ஜில்லாவில் அதிகமாகச் செலாவணியாகின்றது.

குடகு சமாசாரம் என்னவென்றால், 1834-ல் வெள்ளைக்காரக் கம்பெனியார் குடகைப் பிடித்தார்கள். 1857-ல் வடக்கே கலகம் நடந்து அடங்கிய பிறகு, ஊரெங்கும் ஜனங்களிடமிருந்த ஆயுதங்களைப் பிடுங்கினார்கள். அப்படிப் பிடுங்கும்போது குடகர்கள் நமக்கு விசுவாசமானவர்கள், அவர்களுக்கு வேண்டாம் என்று 1861-ல் விலக்குக் கொடுத்தார்கள். பிறகு 1878-ல் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்த நாட்டுக்காரன் துப்பாக்கி வைத்திருக்க வேண்டுமானால் லைசென்சு வாங்கவேண்டும். ஐரோப்பியனுக்கு அது வேண்டியதில்லை என்றார்கள். காரணம் என்ன? அவன் தோல் வெள்ளை. குடகனுக்கு வேண்டியதில்லை என்றார்கள். காரணம் என்ன? அவன் பிறந்த குலம். மற்றவர்கள் எல்லோரும் கலெக்டர் கச்சேரி வாசலில் நிற்கவேண்டியதுதான்.

வெள்ளைக்காரன் 1947-ல் போய்விட்டான். 1959-ல் நமது பார்லிமெண்டு பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய ஆயுதச் சட்டம் செய்தது. அது 1962 அக்டோபர் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. அந்தப் புதிய சட்டத்தின் 41-வது பிரிவு, பொதுநன்மையை உத்தேசித்து யாருக்கேனும் விலக்குக் கொடுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தருகின்றது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 1963-ல் என்ன செய்தார்கள்? குடகு இனத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும், குடகில் ஜம்மா என்கின்ற மானிய நிலம் வைத்திருப்பவருக்கும் விலக்கு என்று எழுதினார்கள். லிட்டன் பிரபுவின் பேனாவில் மை தீர்ந்துபோகவில்லை. பேனா பிடித்த கைதான் மாறிற்று! 2019 அக்டோபரில் மத்திய உள்துறை மந்திரி காரியாலயம் இதையே மறுபடியும் பத்து வருஷத்திற்குப் புதுப்பித்து, 2029 அக்டோபர் 31-ந் தேதி வரையில் செல்லும் என்று உத்தரவு போட்டது.

இது பிறப்பை வைத்துப் பேதம் செய்வதாகும், அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒருவர் கர்நாடக ஐக்கோர்ட்டில் வழக்குப் போட்டார். 2021 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. கொடவர்கள் வீர இனத்தார், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இந்தச் சலுகையை அனுபவித்து வருகின்றவர்கள். விலக்கும் எக்காலத்துக்கும் என்றில்லாமல் பத்து வருஷத்துக்கு மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உத்தரவு செல்லும் என்று கோர்ட்டார் முடிவு செய்தார்கள்.

கோர்ட்டாரிடம் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் தீர்ப்பைப் படித்துப் பார்த்து, அதிலுள்ள காரணம் காரணமாகுமா என்று கேட்கப் பிரஜைக்கு உரிமையும் உண்டு. "வீர இனம்" என்றால் என்ன? வீரம் இரத்தத்தில் ஓடுவதா? ஓடுமானால், ஒரு இனத்தில் பிறந்த கோழை எதிலே சேர்த்தி? இன்னொரு இனத்தில் பிறந்த தைரியசாலி எதிலே சேர்த்தி? குடகிலே பிறந்த கரியப்பா 1949-ல் இந்தியப் பட்டாளத்துக்கு முதல் இந்தியத் தளபதியானார். திம்மையா 1957-ல் தரைப்படைத் தலைவரானார். இருவரும் கெட்டிக்காரர்கள், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கையில் பட்டாளத்துத் துப்பாக்கி எப்படி வந்தது? பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, குறி பார்த்துச் சுட்டுக் காட்டி, பரீட்சையில் தேறி வந்தது. இன்ன வீட்டுப் பிள்ளை என்பதற்காகப் பட்டாளத்தில் தளபதி வேலை கொடுப்பதில்லை. பட்டாளத்துக்கே வேண்டாத பிறப்பு யோக்கியதை லைசென்சுக்கு மட்டும் எதற்கு?

"வெகுகாலமாக அனுபவித்து வருகின்றார்கள்" என்பது இரண்டாவது காரணம். ஐயா, வெகுகாலமாக அனுபவித்து வந்தது என்பதே ஒரு நியாயமானால், இந்த நாட்டில் தெருவில் நடக்கக்கூடாது, குளத்தில் இறங்கக்கூடாது, கோவிலுக்குள் போகக்கூடாது என்று வைத்திருந்தவர்கள் அனைவரும் வெகுகாலமாக அனுபவித்து வந்தவர்கள்தானே! அந்த அனுபவ பாத்தியத்தை யாராவது ஒப்புக்கொண்டார்களா?

நாம் கொடவ ஜனங்கள்மீது குற்றம் சொல்ல வரவில்லை. அங்கேயும் யானை வருகின்றது, பன்றி வருகின்றது. தனித்தனித் தோட்ட வீடுகளில் இருக்கின்றார்கள்; அவசியம் இருக்கலாம். அவசியம் இருக்குமானால் அவசியத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும். காட்டோரத்தில் தனித்து வசிக்கின்ற எவருக்கும் என்று எழுதட்டும். அப்பொழுது அதே குடகில் காப்பித் தோட்டத்துக் கூலிக் குடிசையில் யானைக்கு முன்னால் படுத்துறங்குகின்ற எரவனுக்கும் ஜேனு குறுபனுக்கும் அது கிடைத்திருக்குமே! குடகு இனத்தில் பிறக்காத, ஜம்மா நிலமும் இல்லாத அவனுக்கு இந்த உத்தரவில் இடமில்லை. யானை, உன் ஜாதி என்ன, உன் நிலம் என்ன தீர்வை என்று கேட்டுவிட்டா மிதிக்கின்றது?

இப்பொழுது நமது மீசைக்காரரிடம் வருவோம். "எங்களுக்கும் கொடு" என்கின்றாரே, அவருக்கு ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்துகின்றோம். பழைய கதை என்றால் புராணமல்ல. போடியிலிருந்து பஸ் ஏறினால் உசிலம்பட்டிப் பக்கம் போய்க் கண்ணால் பார்த்துவரக்கூடிய கதை. குடகனைப் பார்த்து "நீ பிறவியிலேயே விசுவாசி" என்று எழுதிய அதே வெள்ளைக்காரச் சர்க்கார், 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைச் செய்தது. 1911-ல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். அப்பொழுது தேனி ஜில்லா என்று ஒன்று கிடையாது, எல்லாம் மதுரை ஜில்லாதான். அந்த ஜில்லாவில் பிரமலைக் கள்ளர்களைப் பார்த்து "நீ பிறவியிலேயே குற்றவாளி" என்று எழுதினார்கள். குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற பேச்சே இல்லை. ஆண்பிள்ளை என்றால் கைரேகை வைக்கவேண்டும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்கமாட்டோம் என்று எதிர்த்து நின்ற ஜனங்களைப் போலீசார் சுட்டார்கள். ஒரு பெண் உட்படப் பதினைந்து பேருக்குமேல் மாண்டார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

ஒரு பக்கத்தில் பிறப்பைப் பார்த்துத் துப்பாக்கி கொடுத்தார்கள். மறுபக்கத்தில் பிறப்பைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். இரண்டும் ஒரே மைக்கூட்டில் தொட்டு எழுதியவை. பெருங்காமநல்லூரில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எழுந்து நின்று, "பிறப்பைப் பார்த்து எங்களுக்கும் கொடு" என்று கேட்பார்களானால், அன்றைக்குச் சுட்டவன் சொன்ன தத்துவத்தை இவர்களே ஒப்புக்கொண்டதாக ஆகாதா? பிறப்பால் ஒருவன் வீரனாகலாம் என்றால், பிறப்பால் இன்னொருவன் திருடனாகவும் ஆகத்தானே வேண்டும்? முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளிவிட எந்தத் தர்க்கத்தில் இடமிருக்கின்றது?

அன்றியும், ஒரு ஜாதிச் சங்கத்துக்குக் கொடுத்தால் மறுநாள் எதிர் ஜாதிச் சங்கம் வந்து நிற்கும். திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பதற்கே அரிவாள் தூக்குகின்ற ஊர்களில், இரண்டு பக்கத்துக்கும் துப்பாக்கி கொடுத்துவிட்டுச் சர்க்கார் எங்கே போய் ஒளிந்துகொள்ளும்? அதில் சேரித் தெருக்காரனின் கதி என்ன? மலைமேல் இருக்கின்ற பளியன், முதுவன் கதி என்ன? "வீரப் பரம்பரை" ஜாபிதாவில் அவனை யார் சேர்க்கப் போகின்றார்கள்?

நிற்க, பூசைக்காரரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. குடகிலும் வருஷா வருஷம் செப்டம்பரில் கைல்பொள்து என்று ஆயுதத்துக்குப் பூசை. இங்கேயும் சரஸ்வதி பூசையன்று துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. போலீசு ஆயுதக் கிடங்கிலேயே இது நடக்கின்றதென்றால் குடியானவனைச் சொல்லி என்ன பயன்? நாம் கேட்பதெல்லாம் இவ்வளவுதான். குழாயில் ஈரச் சந்தனம் பூசினால் துருப் பிடிக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் பிடிக்காது. இதில் எது ஆயுதத்துக்கு மரியாதை? "குண்டு திரும்பி வரும்" என்பதும் ஒரு விதத்தில் உண்மைதான். ஆனால் அது கருப்பன் கோபத்தால் அல்ல. தண்ணீர்க் குழாயைப் பற்றவைத்துச் செய்த நாட்டுத் துப்பாக்கியில், வெடியுப்பும் கந்தகமும் கரியும் அளவு தெரியாமல் இடித்துக் கெட்டித்தால், மருந்தின் வேகத்தைத் தாங்கமாட்டாமல் குழாய் பின்பக்கமாக வெடிக்கின்றது. வெடித்தால் போவது சுடுகின்றவனுடைய கண்ணும் விரலும். தாயத்து கட்டியிருந்தாலும் போகும். இருட்டிலே புதர் அசைந்ததைப் பார்த்துப் பன்றி என்று நினைத்துக் கூட வந்தவனையே சுட்டுவிட்டு, அப்புறம் "விதி" என்று அழுகின்றார்களே, அதுவும் விதியல்ல. பயிற்சியில்லாத கை, வெளிச்சமில்லாத இராத்திரி, அவ்வளவுதான்.

இனி அமெரிக்கப் பேர்வழி. இவர் கொஞ்சம் படித்தவர், ஆகையால் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் 1791-ல் அரசியல் சட்டத்துக்கு இரண்டாவது திருத்தம் என்று ஒன்று செய்தார்கள். ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடியும் மருந்து கெட்டித்து, குண்டு போட்டு, கம்பியால் குத்தி, அதற்கப்புறம் சுடவேண்டிய காலம் அது. கைதேர்ந்தவன் நிமிஷத்துக்கு மூன்று நான்கு தரம் சுட்டால் அதிகம். அந்தக் காலத்து வாசகத்தை அந்நாட்டில் ஒரு கூட்டத்தார் வேதவாக்காக வைத்துக்கொண்டு, இன்றைய யந்திரத்துக்கும் அதுவே பிரமாணம் என்கின்றார்கள். நமது ஊர்ச் சாஸ்திரிகள் எங்கோ ஒரு காலத்தில் எவரோ எழுதிவைத்த சுலோகத்தைக் காட்டி இன்றைக்கு ரயிலில் போகலாமா கூடாதா என்று விவகாரம் செய்ததுபோலத்தான்.

2017 அக்டோபர் 1-ந் தேதி லாஸ் வேகாஸ் நகரத்தில் ஒருவன் ஓட்டல் மாடியிலிருந்து கீழே சங்கீதக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் சுட்டான். சுமார் பத்து நிமிஷத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகள். அறுபது பேர் மாண்டார்கள். ஒரு மனிதன் ஒரு விரலால் இவ்வளவு வேகமாகச் சுடுவது எப்படி? அதற்குத்தான் "பம்ப் ஸ்டாக்" என்கின்ற ஒரு துணைச் சாமான். துப்பாக்கியின் பின்கட்டையை எடுத்துவிட்டு இதை மாட்டினால், சுட்ட உதைப்பில் துப்பாக்கி பின்னுக்கு நகர்ந்து மறுபடி முன்னுக்கு வரும், வரும்போது அசையாமல் வைத்த விரலில் விசை தானாக வந்து இடிக்கும், மறுபடி வெடிக்கும். விரலை வைத்துக்கொண்டு மறுகையால் முன்னுக்கு அழுத்திக்கொண்டிருந்தால் போதும். மிஷின் துப்பாக்கிபோல் பொழியும்.

அந்நாட்டில் மிஷின் துப்பாக்கிக்கு 1934-லிருந்தே கடுமையான கட்டுப்பாடு உண்டு. ஆகவே இந்தச் சாமான் மாட்டிய துப்பாக்கியும் மிஷின் துப்பாக்கியே என்று 2018 டிசம்பரில் சர்க்கார் இலாகா விதி செய்தது. டெக்சாஸில் சாமான் வைத்திருந்த ஒருவர் வழக்காடினார். 2024 ஜூன் 14-ந் தேதி அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு, ஆறு ஜட்ஜுகள் ஒரு பக்கமும் மூன்று ஜட்ஜுகள் ஒரு பக்கமுமாக, அந்த விதி செல்லாது என்று சொல்லிவிட்டது. எதனால்? சட்டத்தில் "விசையின் ஒரே இயக்கத்தால்" ஒன்றுக்கு மேற்பட்ட குண்டு வெளிப்படுவதே மிஷின் துப்பாக்கி என்று இருக்கின்றதாம். இந்தச் சாமானில் விசை ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு தரம் இயங்குகின்றதாம். விசைக்குள் இருக்கும் உறுப்புகளைப் படம் போட்டே தீர்ப்பில் காட்டியிருக்கின்றார்கள். எதிர்த்த மூவரோ, சுடுகின்றவன் செய்வது ஒரே காரியந்தானே, அதற்கப்புறம் தானாகத்தானே பொழிகின்றது என்றார்கள்.

பெரும்பான்மை ஜட்ஜுகள் சொன்னதில் ஒரு நியாயமும் உண்டு. சட்டத்தில் இல்லாததை இலாகா அதிகாரி தன்னிஷ்டத்துக்கு விதி என்று எழுதக்கூடாது. மாற்றவேண்டுமானால் சட்டசபை மாற்றட்டும் என்பது சரியான தத்துவமே. நமது நாட்டில் அதிகாரிகள் போடுகின்ற உத்தரவுகளைப் பார்க்கும்போது அந்தத் தத்துவம் நமக்குத்தான் அதிகமாக வேண்டும். ஆனால் அந்தச் சட்டசபையை மாற்றவொட்டாமல் தடுப்பது யார்? இரண்டாவது திருத்தத்தை வேதமாக்கி வைத்திருக்கின்ற அதே கூட்டந்தான். செத்துப் போன அறுபது பேருக்கு, விசை ஒரு தரம் இயங்கிற்றா ஆயிரம் தரம் இயங்கிற்றா என்பதில் என்ன லாபம்? வாசகத்துக்கு மனிதன் அடிமையா, மனிதனுக்கு வாசகம் உபகாரமா என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்நாட்டார் எந்த வேதத்தையும் புரட்டவில்லை. மறுமாதமே எல்லா மாகாண மந்திரிகளும் கூடிச் சட்டத்தை இறுக்கினார்கள். சர்க்கார் பணம் கொடுத்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி உருக்கிற்று. அங்கேயும் காடு உண்டு, பன்றி உண்டு, குடியானவன் உண்டு. அவசியம் காட்டுகின்ற குடியானவனுக்கு அங்கே இன்றைக்கும் லைசென்சு உண்டு.

நமது நாட்டு நிலைமை என்ன? 1931-ல் கராச்சி காங்கிரசில், ஆயுதம் வைத்துக்கொள்ள ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வெள்ளைக்காரன் சட்டம் செய்த அவமானம் அப்படிக் கேட்க வைத்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அவர்கள் அந்த உரிமையை அரசியல் சட்டத்திலேயே சேர்க்கவேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை, சபையும் தள்ளிவிட்டது. ஆகவே நமது அரசியல் சட்டத்தில் பிரஜைகளின் சுதந்திரங்களைச் சொல்லுமிடத்தில், "ஆயுதமின்றி" அமைதியாகக் கூடலாம் என்றுதான் இருக்கின்றது. 2023-ல் நமது சுப்ரீம் கோர்ட்டும் லைசென்சில்லாத துப்பாக்கிகளைப் பற்றித் தானாகவே எடுத்து விசாரிக்கும்போது, அமெரிக்காவைப்போல் இங்கே அது அடிப்படை உரிமை அல்ல என்பதை எடுத்துக் காட்டியது. இது நல்லதே என்பது நமது அபிப்பிராயம். சேரிக் குடிசையைக் கொளுத்தத் தீக்குச்சி போதுமானதாக இருக்கின்ற நாட்டில், ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்தால் முதலில் வாங்குகின்றவன் யார், கடைசியில் வாங்குகின்றவன் யார், இடையில் சாகின்றவன் யார் என்பதை யோசித்துப் பாருங்கள். 2016 கடைசியில் இந்தியா முழுவதும் இருந்த லைசென்சுகள் சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம். அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். அவ்வளவு துப்பாக்கியிருந்தும் அந்த மாகாணத்தில் ஏழைக்கு அதனால் என்ன கௌரவம் வந்துவிட்டது? கலியாண ஊர்வலத்தில் ஆகாயத்தை நோக்கிச் சுட்டு ஆளைக் கொல்லுகின்ற கூத்துத்தான் வந்தது. அதற்கென்றே 2019-ல் தனித் தண்டனை எழுதவேண்டியதாயிற்று.

துணைச் சாமான் விஷயத்திலும் நமது சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடத் தெளிவாகவே இருக்கின்றது. 1959-ம் வருஷச் சட்டத்தில் துப்பாக்கி என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போதே, சுடும் சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கும்படி செய்த துணைச் சாமானும், துப்பாக்கியின் உறுப்புகளும், அதைச் செய்கின்ற யந்திரமும் துப்பாக்கியே என்று எழுதியிருக்கின்றது. ஆகவே பாரஸ்டுக்காரர் காதில் விழாமலிருக்க ஒருவன் குழாய் முனையில் ஒரு டப்பாவைச் செய்து மாட்டினால், அந்த டப்பாவே துப்பாக்கி. லைசென்சில்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்தின்படி இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரையில் சிறை. செய்து விற்ற கொல்லனுக்கு ஏழு வருஷத்திலிருந்து ஆயுள் வரையில். இதைத் தெரியாமல் "சும்மா ஒரு குழாய்தானே" என்று கை வைக்கின்ற நமது மலையோர வாலிபர்கள் கவனிக்கவேண்டும்.

அப்படியானால் பன்றிக்கு என்ன வழி என்பீர்கள். அதற்குத்தான் வருகின்றோம்.

ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில் ஒரு வாசகம் இருக்கின்றது. உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழியாய் மருந்து கெட்டிக்கின்ற துப்பாக்கிக்கு ஒரு பிரஜை மனுச் செய்தால், தள்ளுவதற்குச் சட்டம் சொல்லுகின்ற காரணம் இல்லாதவரையில், அதிகாரி லைசென்சு கொடுக்கவேண்டும் என்பது அந்த வாசகம். "கொடுக்கலாம்" அல்ல, "கொடுக்கவேண்டும்". அது போதாதென்று கண்டால் வேறு விதமான குழல் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். 14-வது பிரிவில் இன்னொன்று: போதுமான சொத்து இல்லை என்கின்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்சை மறுக்கக்கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வைக்கவேண்டும். அதன்மேல் அப்பீலும் உண்டு. தோழர்களே, இந்த வாசகங்களை நமது கிராமத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கின்றீர்கள்? லைசென்சு என்றால் பங்களாக்காரருக்கும் மைனருக்கும் உரியது, நமக்கு நாட்டுத் துப்பாக்கி, அகப்பட்டால் ஜெயில் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கின்றீர்கள்? அந்த நினைப்பு யாருக்கு அனுகூலம்?

ஆனால் லைசென்சு வாங்கிவிட்டால் பன்றியைச் சுட்டுவிடலாமா என்றால், கூடாது! 1972-ம் வருஷத்து வனஜீவிச் சட்டம் குறுக்கே நிற்கின்றது. பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி கொடு என்கின்றது ஒரு சட்டம். பயிரைத் தின்பதைச் சுடாதே என்கின்றது இன்னொரு சட்டம். வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டலாம். பன்றிக்கு அந்தச் சத்தம் பழகிப்போகின்ற வரையில். இதிலும் போடிமெட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு நியாயம், அந்தப்பக்கம் ஒரு நியாயம். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி அந்தப்பக்கம் இறங்கினால் கேரளம். அங்கே 2022 மே மாதம் முதல், பயிரை அழிக்கின்ற காட்டுப் பன்றியைச் சுட உத்தரவு கொடுக்கும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவருக்கே கொடுத்திருக்கின்றார்கள். ஜாபிதாவில் சேர்ந்த லைசென்சுக்காரர் வந்து சுடுவார். இங்கே 2025 ஜனவரியில் நமது சர்க்கார் போட்ட உத்தரவுப்படி, காட்டெல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்த பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்றுக்குள் வந்ததைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் வந்ததை மட்டும் வனத்துறையார் சுடலாம். மலைச்சரிவில் நிலம் வைத்திருக்கின்றவனுடைய கொல்லை காட்டெல்லையிலிருந்து எவ்வளவு தூரம்? பெரும்பாலும் ஒரு கல்லெறி தூரம். ஆகவே சரிவுக்காரனுக்கு இந்த உத்தரவால் ஒன்றுமில்லை. கீழே சமவெளியில் இருக்கின்றவனுக்குத்தான் ஏதோ கொஞ்சம்.

இந்த இடைவெளியில்தான் அவுட்டுக்காயும் மின்சார வேலியும் நாட்டுத் துப்பாக்கியும் புகுந்துகொள்ளுகின்றன. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை மாடு கடிக்கின்றது. பன்றிக்குப் போட்ட கம்பியில் விடியற்காலம் காட்டுக்குப் போனவன் சிக்கிச் சாகின்றான். 2023 அக்டோபரில் கூடலூருக்குப் பக்கத்தில் வண்ணாத்திப்பாறைக் காட்டில் வனத்துறையார் சுட்டு ஒரு விவசாயி மாண்டார். வேட்டைக்கு வந்தவர், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள் துறையார்; குடும்பத்தார் அதை மறுத்தார்கள். எது எப்படியிருந்தாலும், காட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே சுடப்படுகின்றவன் ஏழையாகவே இருக்கின்றான் என்பதை மட்டும் கவனியுங்கள்.

யானை விஷயம் வேறு. அதற்குத் துப்பாக்கி பேசுகின்றவர்கள் அரிக்கொம்பனை நினைத்துப் பார்க்கட்டும். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்; ஒரே மாதத்தில் கம்பம் டவுனுக்குள் வந்து நின்றது; ஒருவர் உயிர் போயிற்று. கடைசியில் ஜூன் மாதம் மயக்க ஊசி போட்டுக் கும்கிகளைக் கொண்டு பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். கம்பத்தில் அன்றைக்கு ஆளுக்கொரு நாட்டுத் துப்பாக்கி இருந்து, ஆளுக்கொரு பக்கம் நின்று சுட்டிருந்தால், காயம்பட்ட யானை எத்தனை பேரை மிதித்திருக்கும்? தினம் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகின்ற பெண்களுக்கு வேண்டியது துப்பாக்கியல்ல. யானை எங்கே நிற்கின்றது என்கின்ற தகவல், கூரையுள்ள வண்டி, மிதிபட்டுச் செத்தால் குடும்பத்துக்கு அலைச்சலில்லாமல் கிடைக்கின்ற பணம் ஆகிய இவைகளே.

ஆகவே சரிவுக் கிராமத்தார் சர்க்காரைக் கேட்கவேண்டியது இதுதான். ஒரு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்ற கணக்கைக் காட்டோரக் கொல்லைகளுக்கு மாற்றி, அங்கே அழிவு செய்கின்ற பன்றிக்கு வழி சொல்லவேண்டும். கேரளத்தைப்போல் கிராமப் பஞ்சாயத்தின் யோசனையின் பேரில், பயிற்சி பெற்று ஜாபிதாவில் சேர்ந்த சிலர் மட்டும், வனத்துறையார் முன்னிலையில் சுட ஏற்பாடு வேண்டும். அந்தச் சிலரைப் பொறுக்கும்போது ஜாதியும் ஏக்கராவும் பார்க்கக்கூடாது. கண் பார்வை, கை நிதானம், குடிப்பழக்கம், பழைய குற்றம் இவைகளைப் பார்க்கவேண்டும். பளியனும் ஆதிதிராவிடனும் தகுதியிருந்தால் அதில் இருக்கவேண்டும். தேர்தல் வந்தால் லைசென்சுத் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொள்ளுகின்றார்களே, அந்த மாதங்களில் பயிருக்கு யார் ஜவாப்தாரி என்பதையும் அதே உத்தரவில் எழுதவேண்டும். அழிந்த பயிருக்கு நஷ்டஈடு கேட்டு எழுதுகின்ற மனுவோடு, 13-வது பிரிவையும் 14-வது பிரிவையும் குறித்து லைசென்சு மனுவையும் இஷ்டமுள்ளவர்கள் கலெக்டர் காரியாலயத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு இரசீது கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காரணக் கடிதங்கள் பத்துச் சேர்ந்தால், மறுக்கப்பட்டவர் யார், கொடுக்கப்பட்டவர் யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

குடகு உத்தரவின் கெடு 2029 அக்டோபர் 31-ந் தேதி முடிகின்றது. அதற்குமுன் உள்துறை மந்திரி காரியாலயத்தார் மறுபடியும் பேனாவை எடுப்பார்கள். "இனம்" என்ற சொல்லை அடித்துவிட்டுக் "காட்டோரத்தில் வசிப்பவர்" என்ற சொல்லை எழுதும்படி இப்பொழுதிருந்தே நமது பார்லிமெண்டு மெம்பர்களிடம் கேட்டு வைக்கவேண்டும். நம் மீசைக்காரர்களும் அந்த மனுவில் கையெழுத்துப் போடட்டும், கைரேகை அல்ல.